இரத்தத்தின் சமநிலை

கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் நாம் பயின்ற அமிலமும் காரமும் அன்று வெறும் பரீட்சைப் பாடங்களாகவே தோன்றின. வைத்தியத் தொழிலை மேற்கொண்டு, உயிருக்குப் போராடும் நோயாளரின் கட்டிலருகே நின்ற பின்னரே அப்பாடத்தின் முழுப் பொருளும் நமக்கு விளங்கலாயிற்று.

மனித இரத்தம் சிறிதே காரத்தன்மை வாய்ந்தது. அதன் பீ.எச். அளவு 7.35 இற்கும் 7.45 இற்கும் இடையே நிற்றல் வேண்டும். இந்நிலையைக் காப்பன முக்கியமாக இரண்டு உறுப்புகள். நுரையீரல் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றது; சிறுநீரகம் இருகாபனேற்றைப் பேணுகின்றது. முன்னது நிமிடங்களில் தொழிற்படும். பின்னதற்கு நாட்கள் வேண்டும்.

1952 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் பெரிதும் வாட்டியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திரத்தின் துணையை நாடிய முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்தம் இரத்தத்தில் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு மிக உயர்ந்திருந்தது. அதனை இன்ன காரணத்தால் வந்ததென விளங்காத காரமிகையென வைத்தியர்கள் கருதினர். மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் இப்சனோ, மூச்சுக் குறைவினால் வாயு தேங்கியமையே காரணமென்றார். தொண்டைக் குழாயிற் துளையிட்டு, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறை வந்தது. மருத்துவ மாணவர் பல நூற்றுவர் இரவும் பகலும் முறைவைத்து அப்பணியை ஆற்றினர். இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இலக்கம் மாறவில்லை, அதற்குக் கொண்ட பொருளே மாறிற்று.

நாம் பணிபுரிந்த நோயாளர் விடுதிக்கு, மூன்று நாட்கள் ஓயாது வாந்தியெடுத்த நீரிழிவு நோயாளர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். பீ.எச். 7.40, காபனீரொட்சைட்டின் அழுத்தம் 40, இருகாபனேற்று 24. "இரத்தம் சீராகவே உள்ளது" என இளம் வைத்தியர் ஒருவர் மகிழ்ந்தார். நோயாளரோ சோர்ந்து மயங்கிக் கிடந்தார். சோடியம் 140, குளோரைட்டு 90 எனக் கண்டோம். சோடியத்திலிருந்து ஏனைய இரண்டையும் கழிப்பின் எஞ்சுவது 26. வழக்கமாக எஞ்சுவது 12 அளவேயாம். மிகுந்து நின்ற 14 நீரிழிவினாற் பெருகிய கீற்றோன் அமிலங்களின் சுவடு. வாந்தியோடு இரைப்பை அமிலம் வெளியேறியமையால் உண்டான காரமிகை அதனை மறைத்து நின்றது. இரண்டு கேடுகள் ஒன்றையொன்று சமன்செய்து நலம்போல் நடித்தன! இன்சுலினும் உப்புநீரும் பொற்றாசியமும் அளவறிந்து கொடுக்கப்பட்டன. சில நாட்களில் அவர் நடந்தே இல்லம் ஏகினார்.

நெடுநாள் நோயுற்றோரிடம் அல்புமின் என்னும் புரதமும் குறைந்துவிடும். அது லீற்றருக்கு 10 கிராம் குறையுந்தோறும் மேற்கூறிய எச்சத்தோடு 2.5 ஐக் கூட்டிக் கணித்தல் வேண்டும். இன்றேல் அமிலமிகை கண்ணிற்படாது ஒழியும்.

இக்காலத்திற் கருவிகள் சில நிமிடங்களில் இலக்கங்களை அச்சிட்டுத் தருகின்றன. எனினும் அவை நோயாளரின் வரலாற்றைக் கேட்பதில்லை. அவரது மூச்சை எண்ணுவதுமில்லை. மருத்துவம் பயிலச் செல்லும் மாணவ நண்பர்கள் முதலில் நோயாளரை நோக்குக. பின்னர் இலக்கத்தை நோக்குக. இரண்டும் முரண்படின், அம்முரணின் காரணம் காணும்வரை கட்டிலருகினின்றும் அகலாதிருப்பீராக.