சூசாபோனுக்கு ஓர் ஒட்டு

அணிவகுப்பு வாத்தியங்களுள் உருவத்தால் பெரியது சூசாபோன். வாசிப்பவரின் உடலைச் சுற்றி வளைந்து, இடத் தோளில் அமர்ந்து, தலைக்குமேல் தாமரையிலைபோல் வாய் விரித்து நிற்கும். அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஜான் பிலிப் சூசாவின் விருப்பப்படி 1890-களில் உருவானதால் அவர் பெயரையே பெற்றது. பித்தளையில் செய்ததாயின் 13 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். 1960-களில் அந்நாட்டார் அதன் உடலைக் கண்ணாடியிழையில் வார்க்கத் தொடங்கினர். சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாதத்தில் செழுமை போதாதென்று இசைவாணர் முகஞ்சுளிப்பதுண்டு. சுமப்பது குழந்தையாயின், நமது வாக்கு கண்ணாடியிழைக்கே!

அமெரிக்காவில் சில ஆண்டுகள் நாம் பங்குப் பணியாற்றியபோது, பள்ளி வாத்தியக் குழுவில் இத்தகைய பழைய கருவியொன்று இருந்தது. அதைச் சுமந்தவள் மெலிந்த உடலுடைய 13 வயதுச் சிறுமி. ஒருநாள் அது படிக்கட்டில் உருண்டு, தோளில் அமரும் வளைவில் ஒரு சாண் நீளத்திற்குப் பிளந்தது. காற்றுக் கசிந்து, கீழ்ச் சுரங்கள் இருமலாய் ஒலித்தன. மாற்றாக இருந்ததோ பித்தளைக் கருவி. அதைத் தூக்கி அவளால் நடக்க இயலாது. குழுவை விட்டு விலகவேண்டியதுதான். அணிவகுப்புக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன.

நொடியில் ஒட்டும் பசையை ஆசிரியர் தடவிப் பார்த்தார். இரண்டே நாளில் விட்டுப்போயிற்று. அப்பசை இறுகினால் நொறுங்கும் தன்மையது. வாத்தியமோ ஒவ்வோர் அடிக்கும் சற்றே நெளிவது. மேலும், கண்ணாடியிழையின் வலிமை பிசினில் மட்டுமன்று, உள்ளே ஓடும் இழையில் இருக்கிறது. இழை அறுந்த இடத்தில் புது இழை வைத்தாக வேண்டும்.

இதை நமக்குக் கற்பித்தவர்கள் நம் கடற்கரை மீனவர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருகிய ஃபைபர் படகுகளை அவர்கள் செப்பனிடுவதை அருகிருந்து பலமுறை பார்த்திருக்கிறோம். படகுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினே போதும். பழைய பரப்பை உறுதியாகப் பற்றுவது எப்பாக்சி ஆதலின் நாம் அதையே தேர்ந்தோம்.

பிளவு மேலும் ஓடாதிருக்க இரு முனைகளிலும் ஊசித் துளையிட்டோம். பழைய பசை முழுதும் அகன்று இழை தென்படும்வரை, பிளவின் இருபுறமும் ஈரங்குல அகலத்திற்கு உப்புத்தாளால் தேய்த்தோம். (மூக்கை மூடாமல் இவ்வேலையில் இறங்காதீர்கள், வாசகர்களே, கண்ணாடித் தூசு பொல்லாதது.) பொறுமையெல்லாம் இங்கேதான் வேண்டும். வழுவழுப்பான பரப்பில் எந்தப் பசையும் நிலைக்காது. பின்பு அசிட்டோனால் துடைத்தோம். வளைவின் உட்புறம் கை எட்டாததால் ஒட்டை வெளியிலேயே போடவேண்டியதாயிற்று. எப்பாக்சியின் இரு பகுதிகளையும் அளவு பிசகாமல் கலந்து, முனை மழுங்க வெட்டிய கண்ணாடியிழைத் துணியை மூன்றடுக்காக ஒட்டி, மேலே பாலித்தீன் தாளை விரித்துக் காற்றுக் குமிழ்களை விரலால் தள்ளினோம். குளிரில் பிசின் இறுகாதென்று, வெப்பமூட்டிய அறையில் ஒரு நாள் முழுதும் கிடத்தினோம்.

மறுநாள் ஓரங்களைத் தேய்த்துச் சமமாக்கியபின், ஒட்டின்மேல் சோப்பு நுரை பூசி, சிறுமியை ஊதச் சொன்னோம். குமிழி ஒன்றும் எழவில்லை. வெள்ளை உடலில் ஒட்டு மட்டும் மஞ்சளாய்த் தெரிந்தது. "வண்ணம் பூசித் தரட்டுமா?" என்றோம். "நேரமாகும் ஃபாதர், பயிற்சி தொடங்கிவிட்டது" என்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.