பாதங்களைப் பாருங்கள்

நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன நாள் முதல், வீட்டார் அனைவரும் சோற்றின் அளவையும் காப்பியில் இடும் சர்க்கரையையும் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, சரீரத்தின் பாரம் முழுவதையும் சுமக்கும் பாதங்களை நினைப்பார் அரிதாகவே இருப்பதை, என் தாயாருக்குத் துணையாக வைத்தியசாலைகளில் காத்திருந்த வேளைகளில் பலரிடமும் கண்டிருக்கிறேன்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் மிகுந்திருந்தால், பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழப்பதோடு ரத்த ஓட்டமும் குன்றக்கூடும். ஆகையால் முள் தைத்தாலும், புதுச்செருப்பு கடித்தாலும், உச்சிவேளையில் கோயில் பிராகாரத்துக் கல் சுட்டாலும் வலி தெரியாமல், காவலன் உறங்கிய வீட்டில் கள்வன் புகுவதுபோலப் புண் புகுந்து, ஆறாது ஆழமாகி, சில சமயம் காலையே எடுக்கவேண்டிய துர்ப்பாக்கியத்தில் கொண்டுவிடுகிறது.

தடுக்கும் உபாயங்களோ எளியவை. தினந்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணாடி கொண்டேனும் பிறர் உதவியாலேனும் பார்ப்பது, கழுவியபின் ஈரம் போகத் துடைப்பது, வீட்டுக்குள்ளும் செருப்பணிவது, காலாணியைத் தாமே பிளேடால் அறுக்காதிருப்பது, வருஷம் ஒரு முறையேனும் பாதப் பரிசோதனை செய்துகொள்வது ஆகிய இவை அத்தியாவசியம். ரத்தச் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாட்களாதலால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை உணர்த்தும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும், வைத்தியர் குறித்த காலத்தில் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

நண்பர்களே, உங்கள் இல்லத்தில் நீரிழிவுள்ள பெரியவர் இருப்பின், அவர் கூச்சப்பட்டாலும் இன்றே அவர் பாதங்களைப் பார்த்து, சிறு கொப்புளம் தென்பட்டாலும் நாளைக்கென்று ஒத்திப்போடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.