கடலோரத்தில் வீடு தேடினோம்!

வெயிலைத் தேடிக்கொண்டு யாராவது செங்கல்பட்டுக்கு வருவார்களா? என் சித்தி வந்தார்!

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 35 வருஷம் நர்ஸாக இருந்தவர். வயது 68. சித்தப்பா காலமானதும் தனிமை. "குளிர் எலும்புக்குள்ளே இறங்கிடுச்சும்மா. ஹீட்டருக்கு அழுகிற காசுல அங்கே ராணி மாதிரி இருக்கலாம். மாமல்லபுரத்துல கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு பாரு" என்று போனில் சொன்னவர், போன ஜனவரியில் வந்தே விட்டார். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். சட்டப்படி இதுதான் அவருக்கு வெளிநாடு!

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் சித்தி. திருக்கழுக்குன்றம் மலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உச்சிவேளையில கழுகு வந்து பொங்கல் சாப்பிடுமே, இப்பவும் வருதா?"

"அது நின்னு ரொம்ப வருஷமாச்சு சித்தி."

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வயதான வெள்ளைக்காரத் தம்பதி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் குளிர்காலத்துக்கு வந்து போகலாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கிவிட நம் நாட்டில் தனி விசா கிடையாது. சித்தி இந்திய வம்சாவளி. ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் எத்தனை காலமும் இருக்கலாம், வீடும் வாங்கலாம். ஆனால் விவசாய நிலம் வாங்க முடியாது.

கடலைப் பார்த்து ஒரு மாடி வீடு. அப்படி ஒரு காற்று! சித்தி அட்வான்ஸுக்குப் பையைத் திறந்துவிட்டார். பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "தனியாவா இருக்கப் போறீங்க? மாண்டஸ் புயல் இங்கதான் கரை ஏறிச்சு. அன்னிக்கு மாதிரி ராத்திரியில நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

அது 2022 டிசம்பரில் வந்த புயல். சித்தி பையை மூடினார்.

திரும்பும்போது கணக்குப் போட்டோம். பிரிட்டன் அரசின் முதியோர் பென்ஷன் இந்தியாவுக்கும் வரும். ஆனால் இங்கே குடிவந்த பின் அது வருஷா வருஷம் உயராது. அமெரிக்காவில் குடியேறினால் உயருமாம்! விலைவாசி மட்டும் நிற்குமா? அந்த ஊரை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டால் அங்குள்ள இலவச வைத்தியமும் பொதுவாகக் கிடையாது.

கடைசியில் எங்கள் தெருவிலேயே படியேறாத கீழ்வீடு, 11 மாத ஒப்பந்தம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊரிலேயே இருக்கிறது. சென்னைக்கு மின்சார ரயில். லெஸ்டர் வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார். கத்திரி வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்த்த பிறகே முடிவு.

மே மாதம் ஈரத் துண்டும் நீர்மோருமாக உட்கார்ந்து, "வெயில் கேட்டேன், இவ்வளவா கேட்டேன்!" என்றார். ஆனாலும் சாயங்காலமானால் தெருப் பெண்கள் அவர் திண்ணையில் கூடிவிடுகிறோம். எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, "ஊறுகாயைக் குறைங்க" என்று அதட்டுவார். கடல், மாதம் ஒரு ஞாயிறு.

வயதான காலத்தில் இடம் மாற நினைக்கும் சகோதரிகளே, ஜன்னலில் என்ன தெரிகிறது என்பதைவிட, கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று முதலில் பாருங்கள்!