சீசரின் நாணயமும் நகராட்சியின் ரசீதும்

வரி என்றவுடன் நம் இறைமக்கள் நினைவுகூர்வது, பரிசேயர் இயேசுவிடம் கொணர்ந்து காட்டிய அந்த நாணயத்தையே. அண்மையில் பேரணாம்பட்டு அன்பியக் கூட்டமொன்றில் அந்தப் பகுதியை வாசித்து முடித்தபோது, தோல் ஷாப்பில் உழைத்தே வீடு கட்டிய பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, “சாமி, சீசருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் தெருச் சாக்கடை யாருடையது? அதைச் சொல்லுங்கள்” என்றார். கூட்டம் சிரித்தது. ஆயினும் கேள்வி சிரிப்புக்குரியதன்று.

வரி செலுத்துவது நன்னெறிக் கடமை என்பதில் திருச்சபைக்கு ஐயம் இல்லை. நேரிய வரியை வஞ்சகமாய்த் தவிர்ப்போரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் கண்டித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2240ஆம் எண்ணில், வரி செலுத்துதலையும் வாக்களித்தலையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. மறையுரைகளில் நாம் முன்னதை அழுத்திச் சொல்கிறோம். பின்னதைத் தேர்தல் காலத்துக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் நம் நகராட்சிகளில் இவ்விரண்டும் பிரிந்தே கிடந்த காலம் ஒன்றுண்டு. 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஐந்தாண்டு முடியுமுன் நகராட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என விதிக்கிறது. தமிழ்நாட்டு நகர மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என வழக்குகள் நீள, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாளன்றுதான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே ஆண்டனர். பில் கலெக்டர் மட்டும் ஓர் அரையாண்டும் தவறாமல் வந்தார். (அவரைச் சக்கேயுவோடு ஒப்பிடுவது அநீதி, இவர் ரசீது தருகிறார்.)

மன்றம் மீண்டபின் நடந்தது என்ன? ஓரிரு மாதங்களுக்குள்ளாகவே சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்குமேல் 100 என்பது அளவு. சிறு வீட்டுக்குச் சலுகை காட்டிய அந்தப் படிநிலை நேரியதே. எனினும் அளவை வகுத்தது மாநில அரசு. மானியத்துக்கு அதை நிபந்தனையாக்கியது 15ஆவது நிதி ஆணையம். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு எஞ்சியது தீர்மானத்தில் கையொப்பமிடும் பணி.

தொழில் வரியின் கதை இன்னும் வேதனை. இந்த வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயை விஞ்சக்கூடாது என்பது 1988இல் 60ஆம் திருத்தம் வகுத்த வரம்பு, இன்றும் அதுவே. தமிழ்நாட்டுப் படிநிலைகளில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியவுடன் உச்சப்படி வந்துவிடுகிறது. அதாவது மாதம் 12,500 ரூபாய்க்குச் சற்றே மேல் வாங்கும் ஷூ கம்பெனித் தையல் தொழிலாளியும், பல இலட்சம் வாங்கும் அதே கம்பெனியின் மேலாளரும் ஒரே தொகை செலுத்துகின்றனர். விடியற்காலையில் கம்பெனி பேருந்தில் ஆம்பூர் செல்லும் நம் பெண்களின் தொழில் வரி, வேலை செய்யும் ஊரின் கருவூலத்தையே சேரும். குப்பையும் குடிநீரும் மட்டும் குடியிருக்கும் ஊரின் பொறுப்பு.

தோல் ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றின் கட்டடங்களுக்கு வரி பெறுவது உள்ளாட்சி. கழிவுநீரை ஆய்ந்து ஆலையை மூட ஆணையிடும் அதிகாரமோ 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது. பாலாறு பாழானதற்கு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வழக்கைத் தொடுத்தது எந்த நகர மன்றமும் அன்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம். தன் ஊர்க் கிணறு கெடுவதைத் தடுக்க வலுவற்ற மன்றத்திடம் மக்கள் எதைக் கேட்பர்?

சிறு குழுமம் செய்ய இயல்வதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி எனத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். குருமடத்தில் இதைப் படிக்கையில் தேர்வுக்கான ஒரு வினாவாகவே நமக்குத் தோன்றிற்று. பேரணாம்பட்டுத் தெருக்களில் நடக்கையில் அதன் பொருள் விளங்குகிறது. சரக்கு-சேவை வரியை ஒன்றியமும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. நகராட்சிக்கெனச் சட்டம் வகுத்த பங்கு அதில் இல்லை.

ஆகவே சீசரின் நாணயத்தைக் காட்டி மக்களின் வாயை அடைப்பது அந்த நற்செய்திப் பகுதிக்கு நாம் செய்யும் துரோகமாகும். இயேசுவின் எதிரிகள் கேட்டது அந்நியப் பேரரசனுக்குச் செலுத்தும் வரியைப் பற்றி. நம் நகர மன்றமோ நாமே வாக்களித்து அமைத்தது. அங்கே சீசரும் நாமே.

2022 நவம்பர் முதல் நாளில் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபைபோல வார்டு மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் இடம் அது. அதற்கு அதிகாரம் குறைவு என்பது மெய். ஆயினும் வரிப்பணம் எங்கே சென்றது என வாய்திறந்து கேட்க அங்கே இடமுண்டு. திருநாள் கூட்டத்திற்கு வருவோரில் பாதிப்பேர் அங்கே வந்தாலும் போதும் என்று அன்பியத்தில் கூறினோம். “சாமியும் வருவீங்களா?” என்று ஒரு தாய் கேட்டார். ஆலயக் கட்டடத்துக்கு வரிவிலக்கு உண்டு. வளாகத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளுக்கு இல்லை. அவற்றுக்கு வரி செலுத்துகிறோம். ஆகையால் வருகிறோம் என்றோம்.