கூரைமேல் செல்லும் மிதிவண்டிகள்

இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், கோமோ என்னும் எழில்மிகு ஏரி ஒன்று உண்டு. வடக்கிலிருந்து நீண்டு வரும் அவ்வேரி நடுவில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. பிரியும் முனையில் அமைந்த சிற்றூர் பெல்லாஜியோ. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் மாக்ரேலியோ என்ற ஊரை அடைகின்றோம். கடல் மட்டத்திற்கு மேல் 754 மீட்டர் உயரத்தில், ஏற்றம் முடியும் இடத்தில், சாலையோரமாகவே நிற்கின்றது கிசல்லோ அன்னையின் சிற்றாலயம். மிதிவண்டி ஓட்டுவோர்க்கெல்லாம் பாதுகாவலியாக விளங்குபவள் இவ்வன்னையே.

கிசல்லோ என்ற பிரபு இம்மலைவழியே சென்றபோது கள்வர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர் என்றும், வழியோரம் இருந்த தேவ அன்னையின் திருவுருவத்தை அண்டி அவர் உயிர் பிழைத்தார் என்றும் செவிவழிக் கதை கூறுகின்றது. இவ்வாறு வழிப்போக்கரின் அன்னையாயிருந்தவள் மிதிவண்டிக்காரரின் அன்னையானது 20-ம் நூற்றாண்டில்தான். லொம்பார்தியா மிதிவண்டிப் பந்தயம் 1919-ல் முதன்முதலாக இவ்வேற்றத்தைத் தன் பாதையில் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் இவ்வூர்ப் பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகானோ அடிகளார், அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவிக்குமாறு வேண்டி நின்றார். 1948-ல் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் ஏற்றி அளித்த சுடர், மிதிவண்டி வீரர்களின் கைமாறிக் கைமாறி இம்மலைக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக அதை ஏந்தி வந்தோர், பந்தயச் சாலையில் ஓயாத போட்டியாளர்களாயிருந்த ஜீனோ பர்த்தாலியும் பௌஸ்தோ கோப்பியும் ஆவர். 1949 அக்டோபர் 13 அன்று அவ்வேண்டுகோளுக்குத் திருத்தந்தை இசைவளித்தார்.

ஆலயத்தினுள் நுழைந்ததும் நம் கண்கள் பீடத்தை நாடுமுன் சுவர்களை நாடின. நேர்த்திக்கடனாய் வந்த மிதிவண்டிகளும் பந்தயச் சட்டைகளும் அங்கே வரிசையாய்த் தொங்குகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டியின் குழாய்களுக்குள் மறைத்துச் சென்றதாகக் கூறப்படும் பர்த்தாலியின் வண்டியும் அவற்றுள் ஒன்று. அவரை ‘உலக நாடுகளின் நீதிமான்’ என்று இஸ்ரயேலின் யாத் வாஷேம் நிறுவனம் 2013-ல் சிறப்பித்தது. எனினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது மற்றொரு வண்டி. அதன் சட்டகம் வளைந்திருந்தது. கோமோ பகுதியில் பிறந்து, 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற பாபியோ கசார்த்தெல்லி என்ற இளைஞருடையது அது. 1995 சூலை 18 அன்று, பிரான்சு நாட்டுப் பந்தயத்தில், பிரனீஸ் மலையின் இறக்கத்தில் அவர் விழுந்து இறந்தார். வயது 24. வென்றோரின் வண்டிகளுக்கு நடுவே வீழ்ந்தவரின் வண்டியையும் வைத்து அன்னையின் ஆலயம் மௌனமாய்ப் போதிக்கின்றது: சாலை விளையாட்டிடம் அன்று, உயிர்கள் ஊடாடும் இடம்.

வெளியே வந்தோம். ஆலயத்திற்கு எதிரே உள்ள வெளியில் கார்கள் நின்றிருந்தன. ஏறக்குறைய ஒவ்வொன்றின் கூரைமேலும் கேரியர் இருந்தது. தொலைவூர்களில் வாழ்வோர் வண்டிகளைக் காரின் கூரையில் ஏற்றி மலையடிவாரம்வரை வருகின்றனர். ஏற்றத்தை மிதித்து முடித்தபின் மீண்டும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். பந்தய நாட்களில் அணிகளின் கார்களும் இவ்வாறே கூரை நிறைய வண்டிகளுடன் வீரர்களைப் பின்தொடரும். தலைமை வீரரின் வண்டியை ஓரத்தில் வைப்பது அவர்களது வழக்கம். பழுது நேர்ந்தால் பணியாளர் இறங்கிய நொடியிலேயே அதை எடுத்துக் கொடுக்க வேண்டுமல்லவா?

நம் அருகே தந்தை ஒருவர் தம் பத்து வயது மகளுடன் இரு வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம். காரின் கூரைக்குக் குறுக்கே இரண்டு சட்டங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைக் காரின் கையேடே சொல்கின்றது. அச்சட்டங்களின் மேல் நீளவாக்கில் வாய்க்கால் போன்ற இரு தடங்கள் திருகப்பட்டிருந்தன. அவர் ஒரு வண்டியைத் தூக்கித் தடத்தில் நிறுத்தினார். தடத்திலிருந்து எழும் கை ஒன்று வண்டிச் சட்டகத்தின் கீழ்க் குழாயைக் கவ்விக்கொண்டது. இரு சக்கரங்களையும் வார்ப்பட்டைகளால் இறுக்கினார். இரண்டாம் வண்டியை எதிர்த்திசை நோக்க வைத்தார். கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க அதுவே வழி. தண்ணீர்க் குப்பி, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றைக் கழற்றிக் காரினுள் வைத்தார். கவ்வும் பிடியை அளவறிந்தே முறுக்கினார்; கார்பன் இழையாலான மெல்லிய குழாய், மிகையாய் இறுக்கினால் விரிந்துபோகும்.

பிறகு அவர் செய்ததே நம்மைக் கவர்ந்தது. வண்டியை இரு கைகளாலும் பற்றி வலுவாக அசைத்தார். வண்டியோடு சேர்ந்து காரும் அசைந்தது. வண்டி மட்டும் ஆடினால் பிடிப்பு போதாது. கார் முழுதும் உடன் ஆடினால் பிடிப்பு உறுதி. சிறுமியோ கதவோரம் ஏறி நின்று ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தாள். “பூட்டியும் ஆயிற்றே, இன்னும் ஏன் சோதனை?” என்று நம்முடன் வந்த இத்தாலியக் குருவானவர் கேட்டார். அவர் கூறிய மறுமொழியை நண்பர் நமக்கு மொழிபெயர்த்தார்: “விழுந்தால் எனக்கு ஒரு மிதிவண்டி போகும், சுவாமி. பின்னால் வருகிறவருக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது.”

அச்சொல்லில் எவ்வளவு கணக்கு அடங்கியுள்ளது! பல கார்களின் கூரை தாங்கும் எடை 75 கிலோ. சிலவற்றுக்கு அதனினும் குறைவு. அதில் குறுக்குச் சட்டங்களின் எடையும் அடங்கும். வண்டி ஒன்று 12 கிலோ, தடம் ஒன்று 4 கிலோ, சட்டங்கள் 5 கிலோ என்று கொண்டால், நான்கு வண்டிகளுக்கு 69 கிலோ ஆகிவிடுகின்றது. மின்கல மிதிவண்டியோ 25 கிலோவரை எடை காணும்; பல தடங்கள் அதைத் தாங்குவதில்லை. காற்றையும் எண்ண வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தாக்குதல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. நின்ற இடத்தில் உறுதியாய்த் தோன்றிய திருகு, நெடுஞ்சாலை அதிர்வில் தளரலாம். ஆதலால் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நல்லது. உயரத்தையும் மறத்தலாகாது. 1.5 மீட்டர் உயரக் கார், வண்டி ஏறியபின் 2.5 மீட்டரைத் தாண்டும். இதனை நினையாமல் நிலவறை நிறுத்தகத்துள் நுழைவோரின் வண்டி வாயிலிலேயே நொறுங்கும். உயரத்தைத் தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைப்போர் அறிவுடையோர்.

மலையிறங்குகையில் விவிலியக் கட்டளை ஒன்று நம் நினைவில் எழுந்தது. புது வீடு கட்டுபவன் அதன் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், எவராவது தவறி விழுந்து இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வராதிருக்க என்று இணைச்சட்ட நூல் (22:8) விதிக்கின்றது. கூரையில் எவரும் நடக்கலாம் என்பதை முன்னரே எண்ணிப் பார்க்கும் அன்பு அது. யாரென்று அறியாத மனிதனுக்காகச் சுவர் கட்டுவதும், யாரென்று அறியாத மனிதனுக்காகப் பட்டையை இழுத்துப் பார்ப்பதும் ஒரே கட்டளையின் இரு செயல்கள் அல்லவா? குடிபெயர்ந்தோர், பயணிகள் ஆகியோரின் மேய்ப்புப்பணிக்கென அப்போதிருந்த திருப்பீட அவை, 2007-ல் வண்டி ஓட்டுவோருக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்து அளித்தது. ‘கொலை செய்யாதே’ என்பது அவற்றுள் முதலாவது. மற்றவர்பால் பொறுப்புணர்வு கொள்ளுமாறு பணிப்பது பத்தாவது. முதலாவதை மீற விரும்புவோர் நம்முள் எவருமிலர். ஆனால் பத்தாவதை மறந்தவர் முதலாவதையும் அறியாமலே மீற நேரிடும்.

அன்னையிடம் பாதுகாவலை வேண்டுவது நன்று. அந்தத் தந்தையும் ஆலயத்தினுள் மகளுடன் முழந்தாளிட்டுச் செபித்தவர்தாம். செபம் முடிந்ததென்று பட்டையைச் சோதிக்காமல் அவர் விட்டுவிடவில்லை; பட்டை உறுதியென்று செபத்தையும் அவர் விடவில்லை.

அன்புக்குரிய குடும்பத்தாரே, வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ வேனில் புறப்படும்போது நீங்களும் கேரியரில் பாத்திரங்களையும் படுக்கைகளையும் ஏற்றிக் கட்டுகின்றீர்கள். செபமாலையைத் தொடங்குமுன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிது தூரம் சென்றதும் ஓரமாய் நிறுத்தி, இறங்கி, மீண்டும் ஒருமுறை பாருங்கள்.