மேட்ஸ் நோட்டும் கோட்டூர்புரமும்!

'பன்னெண்டு வருஷம் படிச்சுட்டு வந்திருக்கோம்... எப்படிப் படிக்கணும்னு எங்களுக்கே கிளாஸா?' ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த முதல் வாரம், செமினார் ஹால் கடைசி பெஞ்ச்ல நாங்க அடிச்ச கமென்ட் இது. இன்ஜினீயரிங் காலேஜ்ல புதுசா சேர்றவங்களுக்காக 2017-ல ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த மூணு வார இண்டக்‌ஷன்ல, எங்க காலேஜ் ஒரு நாளை 'ஸ்டடி ஸ்கில்ஸ்' ஒர்க்‌ஷாப்புக்கு ஒதுக்கியிருந்துச்சு. ஸ்லைடு ஓடுச்சு, சமோசா வந்துச்சு, சர்ட்டிஃபிகேட்டும் வந்துச்சு. முதல் செமஸ்டர் முடிஞ்சதும்... ரெண்டு அரியரும் வந்துச்சு!

பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். ஊர்ல டெய்லர் கடை வெச்சிருக்கிற அப்பாகிட்ட, 'மேட்ஸ் போயிடுச்சுப்பா'னு சொல்ல வாய் வரலை. ஹாஸ்டல் ரூம்ல உட்காரவும் பிடிக்கலை. ஒரு ஞாயித்துக்கிழமை பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரத்துல இறங்கி, பொடிநடையா அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன்.

2010 செப்டம்பர்ல திறந்த பிரமாண்டம் அது. முதல்முறை போறவங்க மாடி மாடியா சுத்திப் பார்ப்பாங்க. நான் நேரா போனது தரைத்தளத்துக்கு. நம்ம புத்தகத்தை நாமளே கொண்டுபோய்ப் படிக்கிற பகுதி அங்கேதான். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி.னு ஆளாளுக்கு ஒரு கனவு. இடம் கிடைக்கிறதே அதிர்ஷ்டம்!

உட்கார்ந்து, ஹைலைட்டரை எடுத்து நோட்டு முழுக்க மஞ்சள் பூச ஆரம்பிச்சேன். குரூப் டூவுக்குப் படிச்சுட்டிருந்த பக்கத்து சீட் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவா என் நோட்டை மூடினார்.

"தம்பி, இப்ப படிச்சதை இந்தப் பேப்பர்ல எழுது."

ஐகன் வேல்யூ கணக்கு. மூணாவது வரியிலயே பேனா நின்னுடுச்சு. "இதான்ப்பா உன் நிலவரம். எங்க நிக்குதோ அங்கயிருந்து படி"ன்னுட்டு அவர் வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ரெண்டு பேரும் 2006-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வெச்சா, திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி நிக்கிறாங்க. ஒரு வாரம் கழிச்சு வெச்சா, பார்க்காம எழுதிப் பார்த்தவங்க முந்திடுறாங்க! பரீட்சைக்கு முந்தின ராத்திரி 'எல்லாம் தெரியுமே'னு தோணுற மாயம் புரியுதா பாஸ்?

இதுல காமெடி என்னன்னா, ஒர்க்‌ஷாப்ல கொடுத்த பேப்பரைத் தூசி தட்டிப் பார்த்தா, அதுலயும் 'செல்ஃப் டெஸ்ட்'னு ஒரு வரி இருக்கு! அப்போ ஒர்க்‌ஷாப் தண்டமா? இல்லை. யாரும் எங்க மேட்ஸ் நோட்டை எடுக்கச் சொல்லி, அதுலயே செஞ்சு காட்டலை, அவ்வளவுதான். ஹாட்டி, பிக்ஸ், பர்டி மூணு பேரும் 51 ஆய்வுகளை அலசி 1996-லயே சொன்ன விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். படிக்கிற முறையைத் தனியா சொல்லிக்கொடுக்கிறதைவிட, படிக்கிற பாடத்தோட சேர்த்துச் சொல்லிக்கொடுத்தா பலன் அதிகம். முதல் வாரத்துல எங்க கையில பாடமே கிடையாதே!

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா கோட்டூர்புரம்தான். மேட்ஸ் கிளியர். இன்னொரு பேப்பர் இன்னும் பாக்கி இருக்கு. அந்தத் தைரியத்துல அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டலை. "கட்டிங்கைப் பார்த்துக்கிட்டே இருந்தா தையல் வந்துடுமாடா? கத்திரியைக் கையில எடுக்கணும்"னார்.

ஜூனியர்ஸ்... ஒர்க்‌ஷாப்பை கட் அடிக்காதீங்க. போறப்போ ஏதாவது ஒரு பாட நோட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சா, 'முதல் இன்டர்னல் டெஸ்ட் முடிஞ்சதும் இன்னொரு தடவை நடத்துங்க சார்'னு கேளுங்க. சமோசா இல்லாட்டியும் பரவாயில்லை!