கோல் யாருடையது?

நான் இதுவரை ஒரு கோல்கூடப் போட்டதில்லை. வலைப்பந்தாட்டத்தில் என்னுடைய இடம் டபிள்யூ.டி., அதாவது விங் டிஃபென்ஸ். ஏழு பேர் கொண்ட அணியில் கோல் போடும் உரிமை ஜீ.எஸ்., ஜீ.ஏ. என்ற இருவருக்கு மட்டுமே உண்டு. மற்ற ஐந்து பேரும் எறிந்து பந்து வளையத்துக்குள் விழுந்தாலும் அது கோல் அல்ல. வளையத்தின் முன்னால் கீறியிருக்கும் அரைவட்டத்துக்குள் நான் கால் வைத்தாலே விசில் ஊதிவிடுவார்கள்.

பெருநாளைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. "எத்தனை கோல் போட்டாய்?" என்பது முதற் கேள்வி. ஒன்றுமில்லை என்றால், "அப்ப ஏன் இந்த வெயிலுக்குள்ள ஓடுறாய்? ஏ.எல். படிக்கிற பிள்ளை" என்பது அடுத்தது. உம்மாவுக்கும் அதே எண்ணம்தான். இந்தத் தவணையோடு விளையாட்டை நிறுத்துவதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இந்த மலரை வாசிக்கும் பெற்றோரில் என் உம்மாவும் ஒருவர் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கோல் போடுவதில் நம் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் அவர் 348 கோல்கள் போட்டார். எந்த நாட்டு வீராங்கனையும் அத்தனை போடவில்லை. ஆனால் இலங்கை அணிக்குக் கிடைத்தது 16 நாடுகளில் 15ஆவது இடம். ஒருவரின் கை எவ்வளவு உயரமாக இருந்தாலும், மறுபக்கத்தில் விழும் கோலை அதே கை தடுக்க முடியாதல்லவா?

இதற்கு நேர்மாறான கதை 2023 பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஜேர்மனி மொறோக்கோவை 6-0 என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு மொறோக்கோ தென்கொரியாவை 1-0, கொலம்பியாவை 1-0 என்று வென்றது. முதற் சுற்றில் எட்டுக் கோல் போட்ட ஜேர்மனி வீட்டுக்குப் போனது. இரண்டே கோல் போட்ட மொறோக்கோ அடுத்த சுற்றுக்குப் போனது! தென்கொரியாவுக்கு எதிரான கோலை இப்திஸாம் ஜரைதி 6ஆவது நிமிடத்திலேயே போட்டுவிட்டார். மீதி ஆட்டம் முழுவதும் அந்த ஒரு கோலைக் காத்தவர்களில் நுஹைலா பென்ஸினாவும் ஒருவர். உலகக் கிண்ணப் போட்டியில் ஹிஜாபுடன் ஆடிய முதல் வீராங்கனை அவர்தான். கோல் போட்டவர் அல்லர், தடுப்பாட்டக்காரர்.

அந்த இடத்துக்கு வருவதும் இலேசாக இருக்கவில்லை. 2011இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்துக்காக அம்மானுக்குப் போனது. தலையை மூடியிருந்ததற்காக அவர்களை ஆட விடவில்லை. ஜோர்தானுக்கு 3-0 என வெற்றி எழுதப்பட்டது. யாருமே அடிக்காத மூன்று கோல்கள்! 2014இல்தான் ஃபிஃபா அந்தத் தடையை நீக்கியது.

உம்மாவுக்கு மொறோக்கோ தூரம். மயிலிட்டி கிட்ட.

வாப்பா மீன் எடுக்க மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும்போது லீவு நாட்களில் நானும் போவதுண்டு. 1990 ஜூனில் அந்த ஊர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2017 ஜூலை 3ஆம் திகதிதான் துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் திரும்பக் கிடைத்தன. அதே 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பத்து வயது. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவர் அவர்.

போன மாதம் அங்கே கரையோர மணலில் சிறுவர் சிறுமியர் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தடி ஊன்றிய கோல் கம்பங்கள். பந்து அடிக்கொரு தரம் தண்ணீருக்குள் போனது. வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம், "பந்து கடலோட போயிடாதா ஐயா?" என்று கேட்டேன்.

"போனால் போகட்டும் பிள்ளை. முகாமில இருக்கேக்க பந்து அடுத்தவன்ர காணிக்க விழுந்தாப் பேச்சு விழும். இது எங்கட கடல்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "எங்களுக்கும் அப்படித்தான்" என்றார். உம்மா பந்து விளையாடியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் துருவலைத் தொடர்ந்தார்.

அன்று மயிலிட்டியில் ஒரு பக்கத்துக் கோலைக் காத்து நின்றவள் ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை. நெடுநேரம் அவளிடம் பந்தே வரவில்லை. அந்தப் பக்கம் அவளுடைய அணி கோல் போட்டதும், பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாகத் துள்ளினாள். பிறகு மணல் முழுவதையும் கடந்து ஓடிப் போய் அந்தக் கூட்டத்துக்குள் விழுந்தாள்.

"அந்தப் பிள்ளையோ கோல் போட்டது?" என்று வாப்பா கேட்டார்.

"இல்லை வாப்பா, அவ கீப்பர்."

வாப்பா ஐஸ் பெட்டியை ஏற்றாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பயிற்சி திங்கட்கிழமை பின்னேரம். உம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.